ரகரத்தின் வால்

புரோகிராம் எழுதும் நண்பருக்கு கன்சோலாஸ் ஃபான்ட்தான் உசத்தி. அதில் பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு உண்டு. ஆங்கில ‘ஓ’வோடு குழம்பாதாம். பி.காம். படித்தவன் நான், சிரித்தேன். கட்டுரை அடிக்க எனக்கு விண்டோஸ் 2000-உடன் வந்த லதா போதும்.

அப்பாவின் முதல் நினைவு நாள் கார்டுக்கு மட்டும் ஸ்டைலாக வேறொரு ஃபான்ட் பிடித்தேன். அதில் ரகரத்துக்கு வாலே கிடையாது. துணைக்காலும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். திரையில் மூன்று தடவை படித்தேன். எல்லாம் சரி.

அச்சகத்தில் அவர்கள் ஃபான்ட்டுக்கு மாற்றி அடித்துக் கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அமார்னா என்னடா?”

‘அமரர்’ அப்படி ஆகியிருந்தது. இருநூறு கார்டு. (இப்போதெல்லாம் எந்த ஃபான்ட் வந்தாலும் முதலில் அந்த வார்த்தையைத்தான் அடித்துப் பார்ப்பேன்.)

ராத்திரி உட்கார்ந்து கறுப்புப் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் வால் வரைந்தோம். அம்மா போட்டவை கொஞ்சம் நீளம்.