போனுக்கு மேல மாசி வீதி தெரியுமா?

மதுரைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு தலைசுற்றல் நிச்சயம். மேல மாசி வீதி என்றால் ஏதோ மேட்டில் இருக்கும் தெரு என்று நினைத்து, அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். 'மேல' என்றால் மேற்கு, 'கீழ' என்றால் கிழக்கு என்று யாராவது ஒரு டீக்கடைக்காரர் சொல்லித் தரும் வரை அவஸ்தைதான்.

கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். உள்ளே ஆடி, அப்புறம் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் நாலு திசைக்கு நாலு. சரி, மாசக் கணக்குப்படி நடந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்!

இது போதாதென்று மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி வேறு. 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தார். அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட்டும் மேஸ்திரி பெருமாளும் தெருப் பெயராகிவிட்டார்கள். கலெக்டருக்கு ஞாபகார்த்தமாக நின்றதுதான் விளக்குத்தூண். இன்றைக்கும் பாதி மதுரைக்கு அதுதான் அட்ரஸ். "விளக்குத்தூணுக்குப் பக்கத்துல, அந்த வளைவு திரும்புனீங்கன்னா..." என்று ஆரம்பித்தால் டோர் நம்பரே தேவையில்லை.

ஆக, இது கேட்டுக் கேட்டுப் போகிற ஊர். ஸ்டேஷனை விட்டு மேல வெளி வீதியில் கால் வைத்ததிலிருந்து கேள்விதான். டவுன்ஹால் ரோட்டில் ஒருத்தரைக் கேள், தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை வாசலில் இன்னொருத்தரைக் கேள், கீழ மாசி வீதி மளிகை மூட்டைகளுக்கு நடுவே மூன்றாமவரைக் கேள். ஆனால் இந்தத் தடவை பார்த்தால், ரோட்டோரம் நிற்கிற இளவட்டங்கள் யாரையும் கேட்பதில்லை. போனை வாயருகே கொண்டுபோய், "பக்கத்துல ஜிகர்தண்டா எங்க கிடைக்கும்?" என்கிறார்கள். அதுவும் சுத்தமான பேச்சுத் தமிழில்!

2017 ஆகஸ்டில் கூகுள், தமிழில் பேசித் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. டைப் அடிக்கும்போது நாம் மகா கஞ்சர்கள். 'மிக்ஸி ரிப்பேர் மதுரை' என்று மூன்றே வார்த்தையில் தந்தி கொடுப்போம். வாயைத் திறந்தாலோ, "பக்கத்துல மிக்ஸி ரிப்பேர் பண்றவங்க யாராச்சும் இருக்காங்களா? இப்ப தொறந்திருக்குமா?" என்று வீட்டு மாமாவைக் கேட்பது போலக் கேட்கிறோம். எங்கே, என்ன வேலை, எந்த நேரம் என்ற மூன்றும் அந்தக் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகின்றன. கடைக்காரர் இந்த மூன்றையும் முன்னாடியே பதிந்து வைத்திருந்தால் போன் சொல்லும். இல்லையென்றால் பதிந்து வைத்திருக்கிற வேறொரு கடையைச் சொல்லும்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நின்று இதையே கேட்டுப் பார்த்தேன். போன் கொஞ்சமும் கூச்சப்படாமல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையைச் சொன்னது. நிமிர்ந்தால் எதிரிலேயே, பெயின்ட் உதிர்ந்த போர்டுக்குக் கீழே, ஒரு பெரியவர் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டுக் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறார்!

"எத்தனை வருஷமாங்கய்யா கடை?"

"நாப்பது வருஷமாச்சு தம்பி. இந்த வட்டாரத்துல என்னையத் தெரியாத ஆளு கிடையாது."

"போனுக்குத் தெரியலையே!"

பெரியவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தெரிஞ்சவங்கல்லாம் அண்ணா நகரு, கே.கே. நகருன்னு போய்ட்டாக. இப்ப வாடகைக்கு வந்திருக்கிற பயலுக யாரும் தெருவுல விசாரிக்கிறதில்ல. போனைப் பாத்துக்கிட்டே நம்ம கடையத் தாண்டிப் போறான். பையன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான். 'கடைய மூடிட்டு எங்கூட வந்துருப்பா'ங்கறான்" என்றார்.

கம்ப்யூட்டர் கம்பெனி! அந்தப் பையன் ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்கியிருந்தால் அப்பா கடை போனில் ஏறியிருக்கும்.

பெரியவரின் போனிலேயே உட்கார்ந்தோம். 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர். 2014-ல் 'மை பிசினஸ்' என்று வந்தது, 2021-ல் பெயர் மாறியது. காசு கிடையாது. கடைப் பெயர் போர்டில் உள்ளபடியே. 'மதுரை நம்பர் ஒன் மிக்ஸி ரிப்பேர்' என்று வால் சேர்த்தால் விதிப்படி தப்பு, கணக்கையே முடக்கிவிடலாம். என்ன கடை என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம். மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன் என்று வேலைகளைத் தனித்தனியாக எழுதினோம். மேல, கீழ குழப்பத்துக்கு இடம் தராமல் விலாசத்தைக் கவனமாக அடித்து, மேப்பில் குத்துகிற புள்ளியைச் சரியாகச் சந்து வாசலில் வைத்தோம். அது நாலு வீடு தள்ளிப் போனால் கஸ்டமர் அடுத்த தெரு மாவு மில்லில் போய் நிற்பார்.

"மத்தியானம் சாப்பாட்டுக்குப் பூட்டிட்டுப் போவேனே, அதையுமா போடணும்?"

கட்டாயம் போடணும். 'இப்ப தொறந்திருக்கா?' என்ற கேள்விக்குப் போன் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது. நம்பி வந்தவன் பூட்டைப் பார்த்தால் அடுத்த தடவை வரமாட்டான். தேர் அன்றைக்கு லீவு என்றால் அதையும் போட்டுவிடலாம்.

கடைசியில் ஒரு சோதனை. நிஜமாகவே கடை இருக்கிறதா என்று வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லும். தெரு, போர்டு, உள்ளே கிடக்கிற சாமான் எல்லாம் தெரிய வேண்டும். பெரியவர் சட்டைப் பித்தானைச் சரிபண்ணிக்கொண்டு போஸ் கொடுத்தார். அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆகலாம்.

ஏற்றிய உடனே முதலில் வந்துவிடுமா என்றால், வராது. கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எத்தனை பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் எடை போட்டுத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தத்தை எழுதிவிட்டோம். மூன்றாவதற்கு, வேலை முடிந்து திருப்தியாகப் போகிறவரிடம், "தம்பி, போன்ல ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க" என்று கேட்டால் போதும். அதற்குக் காசோ தள்ளுபடியோ கொடுக்கக் கூடாது. எழுதினவருக்கு ஒரு நன்றி பதில் போடலாம்.

இன்னொரு விஷயம். "கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டுங்க, கடையை முதல்ல காட்டுறோம்" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். அந்த வரிசையில் இடம் விலைக்குக் கிடையாது. காசு கொடுத்தால் விளம்பரம் போடலாம், அது தனிக் கணக்கு.

டைப் அடித்துத் தேடினால் பத்துப் பதினைந்து கடைகள் வரிசையாக வந்து நிற்கும். காதில் பதில் சொல்லும்போது போன் ஒன்றிரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. விவரமே ஏறாத கடைக்கு அந்த ஒன்றிரண்டில் எப்படி இடம் கிடைக்கும்?

சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போகிற ஆபீஸ் நண்பர்களே! உங்கள் அப்பா, மாமா, பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணன், யாராவது ஒருத்தர் கடை இந்த லிஸ்ட்டில் இல்லாமல் இருக்கும். ஞாயிறு காலை அரை மணி நேரம் அங்கே போய் உட்காருங்கள். அம்மா வைக்கிற மட்டன் குழம்பு எப்படியும் ஒரு மணிக்குத்தானே ரெடியாகும்!