தென்னேரிக்குப் போனோம்

நாத்தனார் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு எடுத்த கையோடு, வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி புறப்பட்டோம். நடுவில் காற்றடிக்க நின்றால், "நைட்ரஜன் போடுங்கம்மா, டயர் வெடிக்கவே வெடிக்காது" என்றார் கடைக்காரர். பின்சீட்டில் கைக்குழந்தை, எனக்குச் சபலம்தான். இவர் சிரித்தார்: "நாம சுவாசிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே!"

அது சற்று மெதுவாகக் கசியும், ஈரமிராது. விமானத்துக்கு வேண்டும், நம் வண்டிக்கு அளவு சரியாயிருந்தால் போதும். காற்று குறைந்த டயர்தான் ஓட ஓடச் சூடேறி வெடிக்கும். டிரைவர் கதவோரச் சீட்டில் 33 என்றிருக்க, எங்கள் டயரில், ஓடி வந்த சூட்டிலேயே, 24! (புடவைக்கடையில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் நான்!) சாதாரணக் காற்றையே நிரப்பினோம். டயர் ஆறியபின் பார்ப்பதே சரியான அளவாம். மறுநாள் காலையில் மறுபடி பார்த்தோம்.

தென்னேரி ஏரியோ கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். கரையில் இறங்கியதும் குழந்தை தூங்கிவிட்டது.