அடுப்படிச் சுவரில் ஒரு முகம்

ராஜேந்திர சோழனின் படை கங்கையோடு திரும்பிவிட்டது. ஜெயங்கொண்டத்துக்காரன் நானோ கங்கையைத் தாண்டி, பிரம்மபுத்திராவையும் தாண்டி, திமாப்பூரில் ரயிலை விட்டிறங்கி, மலையேறிக் கோஹிமா வந்து சேர்ந்தேன். அப்பப்பா, அந்த டிசம்பர்க் குளிர்! எங்கள் ஊர் மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு போதும். இங்கே இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் பல் தந்தியடித்தது.

விடிந்ததும், அங்கே வேலை பார்க்கும் நம்மூர் நண்பர் ஓர் அங்காமி நாகர் வீட்டுக்கு அழைத்துப்போனார். அடுப்படிதான் அவர்களுக்குக் கூடம். நடுவே விறகு எரிகிறது. மேலே கரிபடிந்த பன்றி இறைச்சி தொங்குகிறது. கூடவே புளிக்கவைத்த சோயாவின் நெடி! முந்திரிக்கொட்டை சுடும் புகையில் வளர்ந்தவன் நான். எனக்கே கண் கரித்தது. பெரியவர் கடுங்காப்பி நிறத்தில் தேநீர் கொடுத்தார். உயிர் வந்தது.

சுவரைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். வேட்டையாடிய விலங்குகளின் மண்டையோடுகள். அவற்றின் நடுவே, சல்லடைபோல் துளைகளோடு ஒரு வெள்ளை முகம்! நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அச்சு அசலாய் அந்தப் பெரியவர்!

மூக்கின் பின்புறம், தொண்டை தொடங்கும் இடத்தில் அவருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அந்த வெள்ளை முகம் அதற்கான சிகிச்சையில் பிறந்தது. நம் பக்கம் அபூர்வமான இந்த நோய் நாகாலாந்திலும் தென்சீனத்திலும் அதிகம். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இதில் பங்குண்டு. அடுப்புப் புகையையும் புகைபோட்ட இறைச்சியையும் மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். மண்டையோட்டின் அடியில் ஒளிந்திருப்பதால் கத்தி எளிதில் எட்டாது. கதிர்வீச்சுதான் முக்கிய சிகிச்சை. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதேதான்.

குவாஹாட்டியில், டாக்டர் புவனேஸ்வர் பரூவா புற்றுநோய் மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை. வெந்நீரில் நனைத்த அப்பளமாய்த் தளர்ந்த பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் படியவைத்தார்களாம். சில நிமிடங்களில் இறுகி முகமூடியாகிவிட்டது. சுவரில் நான் பார்த்தது அதைத்தான். வாரத்துக்கு 5 நாள், 7 வாரம். 35 முறையும் அதற்குள் முகத்தைப் பூட்டிக்கொண்டு படுத்தார். தலை இம்மியும் அசையக்கூடாது. பக்கத்திலேயே கண் நரம்பும் மூளைத்தண்டும் இருக்கின்றன. கதிர் பாய்ந்தபோது சூடில்லை, வலியில்லை. ஆனால் வாரங்கள் போகப்போக வாய் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை.

"வேட்டையில் வென்றதைச் சுவரில் மாட்டுவது எங்கள் வழக்கம், தம்பி. இதையும் வென்றேன்" என்றார் பெரியவர். நண்பர் தமிழில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஊராக இருந்தால் மாரியம்மனுக்கு வெள்ளியில் உருவம் செய்து சாத்தியிருப்போம்.

மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். உமிழ்நீர் இன்னும் சரியாக ஊறவில்லையாம். "முதலில் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி. பிறகு ஒரு காது அடைப்பு. சளி என்றே பல மாதம் விட்டுவிட்டேன்" என்றார்.

ஊருக்கு நான் கொண்டுவந்தது அந்த வார்த்தையைத்தான். கழுத்துக் கட்டி கரையாமல் நின்றால், ஒரு காது மட்டும் அடைத்தே கிடந்தால், மூக்குச்சளியில் ரத்தம் தெரிந்தால், நாள் கடத்தாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.