தக்காளி மண்டியும் லினக்ஸ் கெர்னலும்

இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பயந்து ஓடிடாதீங்க மக்கா, தக்காளியை வச்சே சொல்லிடறேன் :-)

தர்மபுரியில இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற அக்கா பையன் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் எழுதினான். ஆயிரம் தடவை ஓட்டினா ஒரு தடவை மெஷின் உறைஞ்சு போகுது. நடுவுல சின்னதா ஒரு டிலே போட்டதும் பிரச்சினை காணோம். "சரியாயிடுச்சு மாமா, திங்கக்கிழமை புராஜெக்டைக் குடுத்துடறேன்"னான். சரியாகலைடா, ஒளிஞ்சிருக்குன்னேன்.

பாலக்கோடு தக்காளி மண்டியில விலை எழுதின சிலேட்டு ஒண்ணு இருக்குன்னு வைங்க. நூறு பேர் படிக்கிறாங்க. பாதி படிக்கும்போதே ஒருத்தர் அழிச்சு வேற விலை எழுதினா படிச்சவர் கணக்கு கோவிந்தா! யார் முந்தறாங்கங்கறதைப் பொறுத்து விடை மாறுதே, அதான் ரேஸ் கண்டிஷன்.

பூட்டுப் போடலாம். ஆனா எப்பவோ ஒரு தடவை எழுதற ஒருத்தருக்காக, படிக்கிற எல்லாரும் ஒவ்வொரு தடவையும் வரிசையில நிக்கணுமா?

2002-ல லினக்ஸ் 2.5 கெர்னலுக்குள்ள வந்த ஆர்.சி.யூ. வேற வழி சொல்லுது. புதுச் சிலேட்டுல விலையை முழுசா எழுதி முடி. அப்புறம் வாசல்ல இருக்கற அம்புக்குறியைப் புதுசு பக்கம் திருப்பு. பழசைப் படிச்சுக்கிட்டிருக்கறவங்க நிதானமா முடிக்கட்டும். கடைசி ஆள் கிளம்பினப்புறம்தான் பழசை அழிக்கணும். எழுதறவங்க ரெண்டு பேர்னா அவங்களுக்குள்ள மட்டும் பூட்டு.

அமெரிக்காவுல பால் மெக்கென்னி, இங்கே ஐ.பி.எம். இந்தியாவுல திபாங்கர் சர்மா, மனீஷ் சோனி... இவங்க சேர்ந்துதான் கோப்புப் பெயர் தேடற டென்ட்ரி கேஷுக்கு இந்த வித்தையைக் கொண்டு வந்தாங்க. கெர்னல் வேலைன்னா வெள்ளைக்காரன் மட்டும்தான்னு நினைக்கிற பசங்களுக்கு இதைச் சொல்லணும்.

"ஆயிரத்துல ஒண்ணுதானே மாமா"ன்னான். டர்ட்டி கவ் கதையைச் சொன்னேன். 2007-ல வந்த 2.6.22-லேர்ந்து கெர்னல்ல இருந்த ரேஸ் அது. படிக்க மட்டுமே அனுமதி இருக்கற ஃபைல்ல சாதா யூசர் எழுதி, ரூட் ஆகிடலாம். 2016 அக்டோபர்லதான் அடைச்சாங்க. அதே ஓட்டையை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே ஒரு தடவை அடைக்கப் பார்த்தார், வேற பிரச்சினை வந்து அந்தத் திருத்தம் போயிடுச்சு. அப்போ ஏட்டளவுல இருந்த ரேஸ், கெர்னல் வளர வளர சுலபமா நடக்க ஆரம்பிச்சதுன்னு அவரே பின்னாடி எழுதினார்.

பையன் டிலேயை எடுத்துட்டு, கெர்னலோட கேசானை ஆன் பண்ணி ராத்திரி பூரா ஓட்டினான். மாட்டிக்கிச்சு! ஒரு திரெட் லிஸ்ட்டைப் படிக்கும்போதே இன்னொண்ணு அதே நோடை விடுவிக்குது. கடைசி ஆள் போறதுக்குள்ள சிலேட்டை அழிக்கிற அதே கதை. இப்போ ஆர்.சி.யூ.வுக்கு மாத்திக்கிட்டிருக்கான்.

திங்கக்கிழமை தாண்டிடும். மார்க் குறையுமேன்னு அக்காவுக்கு என் மேல கோவம். குறையட்டும். அந்த டிலேயோட அவன் வேலைக்குப் போயிருந்தா, அடுத்த ஓட்டை யார் மெஷின்லயோ பல வருஷம் தூங்கியிருக்கும்.