வர்ணப் பெட்டி

வர்ணம் பூசுவது என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு காரியங்கள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. மற்றொன்று, மழை நாளில் வெளியே போக முடியாமல் சிணுங்கும் குழந்தையின் கையில் ஒரு வர்ணப் பெட்டியைக் கொடுத்து உட்கார்த்தி வைப்பது. இரண்டாவதைப் படிப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். படிப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு என்று நம் வீடுகளில் வெகு காலமாக ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறோம்.

மகாத்மா காந்திக்கு இதில் வேறு அபிப்பிராயம் இருந்தது. தம் கையெழுத்து நன்றாக அமையவில்லையே என்று 'சத்திய சோதனை'யில் வருத்தப்படும் அவர், குழந்தைகளுக்கு எழுதக் கற்பிக்கும் முன்பு சித்திரம் வரையக் கற்பிக்க வேண்டும் என்கிறார். நம் அரசுப் பள்ளிகளிலும் அந்த வேலி சற்றுத் தளர்ந்துதான் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ல் தமிழகம் முழுவதற்கும் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆளுக்கு ஓர் இடம். எழுதவும் செய்யலாம், வரையவும் செய்யலாம்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளி. அதன் ஆசிரியை என் கதைகளைப் படிப்பவர். சென்ற ஆண்டு அவர் அழைத்ததன் பேரில் ஒரு நாள் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறதல்லவா? அதைக் கோடுகளால் மட்டும் வரைந்து பிள்ளைகளிடம் கொடுத்திருந்தார். யானை, எருமை, மீன், அன்னம், பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் வெறும் கோடுகளாக இருந்தன. முதலில் மீன்களை எண்ணி வர்ணம் தீட்டச் சொன்னார், அது கணக்கு. தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்று கேட்டார், அது விஞ்ஞானம். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அந்தச் சமணக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று கல்வெட்டுச் சொல்வதைக் கூறினார், அது சரித்திரம். 'ஆசிரியன்' என்ற சொல் வந்தபோது அம்மாளின் குரலில் கொஞ்சம் பெருமை கலந்திருந்தது!

"அந்தக் காலத்துச் சித்திரக்காரருக்கு வர்ணப் பெட்டி ஏது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். காவி மண்ணும் சுண்ணாம்பும் கரியும்தான் அவர்களுடைய வர்ணப் பெட்டி என்று ஆசிரியை சொல்ல, மறுநாள் வகுப்பில் செம்மண்ணும் அடுப்புக்கரியும் குவிந்துவிட்டனவாம்.

பிற்பகலில் தமிழ்நாட்டுப் படம். மாவட்டங்கள் முப்பத்தெட்டு. எல்லை தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் ஒரே நிறம் வரக்கூடாது என்பது நிபந்தனை. புதுக்கோட்டைக்கு மஞ்சள் பூசினால் திருச்சிக்கும் தஞ்சைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் மஞ்சள் கிடையாது. எல்லைகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகள், இதற்காகச் சண்டையே போட்டுக்கொண்டார்கள். 1852-ல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்துப் படத்துக்கு இப்படித்தான் வர்ணம் தீட்டினார். எந்தத் தேசப் படத்துக்கும் நான்கு நிறங்கள் போதுமா என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. போதும் என்று கணித மேதைகள் நிரூபிக்க 1976 வரை ஆயிற்று. அதற்கும் கம்ப்யூட்டர் துணை வேண்டியிருந்தது.

பள்ளி விடும் நேரத்தில் ஒருவர் வந்தார். கிணறு வெட்டும் தொழிலாளி. வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"என்னங்க டீச்சர், புள்ளைக்கு நாலு எழுத்துச் சொல்லித் தருவீங்கன்னு பார்த்தா, கலர் அடிச்சுக்கிட்டு இருக்கான். டவுன்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம்னு இருக்கேன். கடனை வாங்கியாச்சும் சேர்த்துடுவேன்."

ஆசிரியை வாதாடவில்லை. "உட்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் மகன் முந்தின வாரம் தீட்டிய ஒரு தாளை எடுத்து நீட்டினார். கிணற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற படம். மேலே சிவப்பு, அதன் கீழே பழுப்பு, அடியில் கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பையனே பெயர் எழுதியிருந்தான்: செம்மண், சரளை, பாறை.

அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு பாறைக்கு மேலே விரலை வைத்து, "இங்கே சுக்கான் வரணும்டா. வெள்ளையா இருக்கும். அதை விட்டுட்டியே" என்றார் மகனிடம்.

"எவ்வளவு ஆழத்துலப்பா?" என்று கேட்டான் அவன்.

தந்தை சொன்னார். மகன் அளவைக் குறித்துக்கொண்டு வெள்ளைக் குச்சியைத் தேடினான். எழுத்தறிவு அதிகமில்லாத ஒருவர் அந்த ஐந்து நிமிஷம் அந்த வகுப்புக்கு வாத்தியாராக இருந்தார்.

கடைகளில் விற்கும் வர்ணப் புத்தகங்களைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். ஒன்று என்று போட்ட இடத்தில் சிவப்பு, இரண்டு என்று போட்ட இடத்தில் பச்சை என்று அவை உத்தரவிடுகின்றன. கோட்டைத் தாண்டாமல் பூசினால் நட்சத்திரம் உண்டு. கை பழகலாம், அந்த மட்டில் அதுவும் நல்லதுதான். ஆனால் 'ஏன் இந்த நிறம்?' என்று கேட்க அங்கே யாருமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்தால், இரண்டு ரூபாய்க் குச்சியைக் கொண்டும் பூகோளம் நடத்தலாம். இல்லாவிட்டால் விலையுயர்ந்த பெட்டியும் மழை நாளுக்குத்தான் உதவும்.

பையன் இந்த ஆண்டும் அங்கேதான் படிக்கிறான். தந்தை டவுன் பள்ளிக்குப் பணம் சேர்ப்பதை விடவில்லை என்று ஆசிரியை எழுதியிருந்தார். அது அவருடைய உரிமை. மகன் தம்மைப் போல வெயிலில் வேகக்கூடாது என்று நினைப்பதில் என்ன தவறு? அவன் போய்ச் சேரும் இடத்திலும், "உங்கள் ஊர்க் கிணற்றில் முதலில் என்ன மண் வரும்?" என்று கேட்க ஓர் ஆசிரியர் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.