பட்டா யார் பெயரில்?

வீட்டுப் பற்றாக்குறையையும் காய்கறி விவசாயிகளின் நெருக்கடியையும் அவையில் விவாதிக்க வேண்டும் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கோரியிருக்கிறார். நல்ல கோரிக்கைதான், வரவேற்கிறோம். ஆனால் நாங்கள் களப்பணி செய்யும் ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சேரியில் இவை இரண்டு பிரச்சினைகள் அல்ல. இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன.

அந்த வீட்டு அக்காவை எங்களுக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஊர்க்காரர் ஒருவரின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தக்காளி போடுகிறார். எல்லாம் வாய்ப்பேச்சு, காகிதம் எதுவும் கிடையாது. போன தடவை விலை விழுந்தபோது 14 கிலோ பெட்டி 80 ரூபாய்க்குப் போனது. பறிப்புக்கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போகக் கையில் எதுவும் நிற்கவில்லை. பாதிக் காயைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். "விவசாயிக்கு நட்டம்னு டிவியில சொல்றாங்க தம்பி. ஆனா அந்த விவசாயி நான் இல்லையாமே" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. பி.எம். கிசான் திட்டத்தின் 6,000 ரூபாய், நிலம் தன் பெயரில் உள்ளவருக்கு மட்டும்தான். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கட்டும் என்று 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே கடை போட அடையாள அட்டை வேண்டும். அட்டை கேட்டுப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்கிறார்கள். பயிர்க்கடனுக்கும் அதே கேள்வி.

குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. படித்த தைரியத்தில் ஒருமுறை இன்னொரு குடும்பத்தை நாங்கள் மனுப் போட வைத்தோம். அடுத்த சித்திரையில் நிலம் வேறு கைக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பம் இப்போது திருப்பூரில் இருக்கிறது. அதற்குப் பிறகு அக்காவிடம் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வருவோம். 1980களில் அக்காவின் மாமனாருக்குக் கிடைத்த தொகுப்பு வீடு அது. ஓர் அறை, ஒரு திண்ணை. காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதற்குள் மூன்று குடும்பம், 11 பேர். கலைஞர் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் அது குடிசையில் இருப்பவர்களுக்கு, அதுவும் சொந்த மனை இருந்தால்தான். அக்காவின் கொழுந்தனுக்குக் குடிசையும் இல்லை, மனையும் இல்லை. கணக்கெடுப்பில் அவர் கான்கிரீட் வீட்டில் வசிப்பவர். அவருடைய வீடில்லாமை எந்தப் பட்டியலிலும் ஏறாது.

மனை கேட்டால் இடமில்லை என்கிறார்கள். ஆதிதிராவிடர்களுக்காக நிலம் கையகப்படுத்த 1978இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. அதற்கும் முன்னால், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தை மீட்கப் போராடியபோதுதான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நிலத்துக்கு இங்கே பஞ்சமில்லை தோழர்களே. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே விவாதம் நடக்கட்டும். தக்காளிக்குக் குளிர்பதனக் கிடங்கு, இத்தனை லட்சம் வீடுகள் என்று இரண்டு அறிவிப்போடு முடிந்துவிடக் கூடாது. குத்தகை விவசாயிக்கு, நில உடைமையாளரின் தயவு இல்லாமல் சாகுபடிச் சான்று கிடைக்குமா? ஒரே கூரைக்குள் இருக்கும் மூன்று குடும்பத்தை மூன்றாக எண்ணுவார்களா? பஞ்சமி நிலம் எங்கே, யார் பிடியில் என்று மாவட்ட வாரியாக அவையில் வைப்பார்களா? இந்த மூன்றையும் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

அவர்கள் கேட்பதற்கு முன் நாம் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எத்தனை அடுப்பு, எத்தனை பட்டா, பட்டாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று எழுதுங்கள். யார் நிலத்தில் யார் பயிர் செய்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். ஆனால் யாரையும் அவசரப்பட்டு மனுப் போட வைக்காதீர்கள். நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பத்துத் தெருக் கணக்கு சேர்ந்த பிறகு எல்லோரும் சேர்ந்து மனுவோடு போவோம். அன்றைக்கு அக்காவையும் கூப்பிடலாம்.