இன்று யார் பாடு?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர் எழுதியது)

"படாத பாடு பட்டேன்" என்கிறோம். "அவன் பாட்டுக்குப் போறான்" என்கிறோம். "உன் பாடு உனக்கு, என் பாடு எனக்கு" என்று சொல்லிச் சண்டையைக்கூட முடித்துக் கொள்கிறோம். ஆனால் பாடு என்ற இந்தச் சின்னச் சொல்லுக்குள் ஒரு ஏரியையே பங்கு போட்டுக் கொள்ளும் ஏற்பாடு அடங்கியிருக்கிறது என்பது நம் நண்பர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் பழவேற்காடு. நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமையில் மீன் சாப்பிடவும், டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்கவும் போய் வந்திருப்பீர்கள். 1613-ல் அவர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள் என்று வரலாற்று ஆசிரியர் சொல்லியிருப்பார். அந்தக் கோட்டை இடிந்து போயிற்று. ஆனால் அதே கரையில், சுவரும் இல்லாமல் வேலியும் இல்லாமல் ஒரு சட்டம் பல தலைமுறைகளாக நின்று கொண்டிருக்கிறது. அதன் பேர்தான் பாடு. அந்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன் என்ற உரிமையில் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

தண்ணீரில் ஏது பட்டா?

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை அனுப்புகிறது. இரண்டும் கலந்த இடத்தில்தான் இறால் வளரும்.

இறாலின் கதை விசித்திரமானது. அது முட்டையிடுவது கடலில். குஞ்சாக ஏரிக்குள் வரும். இங்கே தின்று வளர்ந்து, பெரிசானதும் மறுபடி கடலுக்கே திரும்பும். திரும்பிப் போக வழி ஒன்றுதான், முகத்துவாரம். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டுகிறவனுக்கு அதிர்ஷ்டம். ஏரியின் உள்ளே தள்ளி, ஓட்டமில்லாத தண்ணீரில் வலை கட்டுகிறவனுக்கு நண்டும் பாசியும்தான்!

நிலமாக இருந்தால் பட்டா போடலாம், வரப்பு கட்டலாம். தண்ணீரில் என்ன செய்வது? முதலில் வந்தவனுக்கே இடம் என்றால் ராத்திரி முழுக்க இடம் பிடிக்கவே போய்விடும். பலசாலிக்கே இடம் என்றால் தினமும் மண்டை உடையும். எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி, சீட்டும் முறையும்.

நல்ல இடங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குப் பேர் உண்டு, எல்லை உண்டு. இந்த இடங்களில் மூங்கில் கழி ஊன்றி சுத்து வலை கட்டும் உரிமை, பாட்டில் சேர்ந்த குப்பங்களுக்குள் முறை வைத்துச் சுற்றி வரும். குப்பத்துக்குள் தலைக்கட்டுக் கணக்கு. யார் யார் பாட்டுக்காரர் என்ற பட்டியல் இருக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று முடிவாகும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்குச் சுற்று முடிந்துதான் அது திரும்ப வரும். இன்றைக்கு மோசமான இடம் கிடைத்தவர் முகம் சுளிக்க மாட்டார். அவர் முறையும் வரும்! "இன்னிக்கு யாரு பாடு?" என்பதுதான் சாயங்காலத்தில் எங்கள் கரையில் கேட்கும் முதல் கேள்வி.

எழுதாத சட்டங்கள்

சீட்டு குலுக்குவது வருஷத்தில் சில தடவைதான். ஆனால் தண்ணீரில் தினமும் முகம் பார்க்க வேண்டுமே? அதற்கென்று எங்கும் எழுதி வைக்காத சில மரியாதைகள் உண்டு. எங்க நைனாவும் சித்தப்பாவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை இவை.

வலை கட்டியிருக்கும் இடத்தை நெருங்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டுக் கோல் ஊன்றிப் போக வேண்டும். ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். காத்தாடி சுத்தினால் சேறு கலங்கும், இறால் திசை மாறும், வலையும் அறுபடும்.

இன்னொருவன் வலைக்கு ஓட்டத்தின் மேல்பக்கம் போய் வலை கட்டக் கூடாது. அது அவன் தட்டிலிருந்து அள்ளுவது மாதிரி.

இரண்டு வலை சிக்கிக் கொண்டால் கத்தியை எடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். "நூலை அறுத்தா உறவை அறுத்த மாதிரி" என்பார் நைனா.

இருட்டில் எதிரே வரும் படகுக்குக் குரல் கொடுக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. யாராவது தத்தளித்தால் பாடும் கிடையாது, முறையும் கிடையாது. வலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் பக்கத்தில் குரல் தாழ்ந்துவிடும்.

ஊர் தோறும் ஒரு பாடு

இதெல்லாம் நம்ம ஊர்ப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். நூலகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்காரர்கள் சீட்டுப் போட்டுத்தான் இடம் பிரித்துக் கொள்கிறார்கள். துருக்கியில் அலன்யா என்ற ஊரில் செப்டம்பர் மாதம் மீனவர் பட்டியல் தயாரித்து, இடங்களுக்குப் பேர் வைத்து, சீட்டு எடுப்பார்களாம். பிறகு ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஒரு இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு மே வரை மேற்கே நகர வேண்டும். மீன் கூட்டம் இடம் பெயரும் திசையை வைத்துச் செய்த கணக்கு அது! அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து சிங்கி இறால் பிடிப்பவர்கள், அயலான் தங்கள் எல்லைக்குள் வந்தால் முதலில் அவனுடைய மிதப்புக் கட்டையில் ஒரு முடிச்சுப் போட்டு எச்சரிப்பார்களாம்.

அலன்யாக் கதையைத் தன் புத்தகத்தில் எடுத்துச் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார். பொதுச் சொத்தை அரசாங்கமும் தனியாரும்தான் காப்பாற்ற முடியும் என்பது பொய், சம்பந்தப்பட்ட ஜனங்களே கூடி விதி செய்து காப்பாற்றிக் கொள்வார்கள் என்று 1990-ல் எழுதினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். எங்க ஆயாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம கதைய சொல்றதுக்குப் பரிசா? அப்ப நம்ம நாட்டாமைங்களுக்கு எவ்ளோ குடுக்கணும்?" என்று கேட்டாள்.

மறு பக்கம்

பாடு என்றால் எல்லாம் தேன் என்று எழுதினால் நான் பொய்யன். பட்டியலில் பேர் இருப்பவருக்குத்தான் பாடு. பேர் பிறப்பால் வருகிறது, சாதியால் வருகிறது, ஆண் பிள்ளைக்குத்தான் வருகிறது. பனையோலைப் பறியை வாயில் கடித்துக் கொண்டு, மார்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தக் குலுக்கலிலும் சீட்டு இல்லை. பிழைப்புக்காகப் பிற்பாடு மீன்பிடிக்க வந்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் இல்லை. இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்த பிறகு இந்தக் கேள்வி கூர்மையாகிவிட்டது, சண்டைகளும் நடந்தன. உள்ளே இருப்பவனுக்கு மரியாதையாகத் தெரிவது வெளியே நிற்பவனுக்குக் கதவாகத் தெரிகிறது. இதை எங்கள் பெரியவர்களும் யோசிக்க வேண்டும், நாங்களும் யோசிக்க வேண்டும்.

என் பேர்

இந்தக் கேள்வி போன வருஷம் என் வீட்டுக்கே வந்தது. எனக்கு வயது ஆகிவிட்டது, பட்டியலில் பேர் சேர்க்க வேண்டும் என்றார் நைனா. நானோ படிப்பு முடிந்ததும் சிப்காட்டில் வேலைக்குப் போகிறவன்.

"நான் வலை கட்டப் போறதில்ல நைனா. என் பேர் இருந்தா இன்னொருத்தருக்கு முறை வர ஒரு நாள் தள்ளிப் போகுமே" என்றேன்.

"காண்ட்ராக்ட் வேலைடா அது. பதினோரு மாசத்துல கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டான்னா எங்க போவ? ஏரி உன்ன கேட்டுக்கு வெளிய நிறுத்தாது. பேர் இருக்கட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் குப்பத்தில் ஷிப்டுக்குப் போய், ஆள் குறைப்பில் வெளியே வந்து, மறுபடி வலையைத் தொட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சோறு போட்டது அந்தப் பட்டியல்தான். ஆனால் வேலையில் இருந்துகொண்டே தன் முறையைக் காசுக்கு விடுகிறவர்களும் உண்டு. அப்படி விடும்போது, தினமும் தண்ணீரில் நிற்கிறவன் தன் சொந்த ஏரிக்கே வாடகை கொடுக்கிறான்.

இரண்டு ராத்திரி பேசினோம். கடைசியில் நானே ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னேன். "பேர் எழுதிக்குங்க. நான் சம்பளம் வாங்கற வரைக்கும் என் முறை அடுத்தவருக்குப் போகட்டும், காசு வேணாம். திரும்பி வந்தா பட்டியல்ல கடைசி ஆளா நிக்கறேன்." ஒருவர் சிரித்தார். இன்னொரு பெரியவர், "சரிதான்டா. முன்னயும் ரெண்டு பேர் இப்பிடி சொல்லியிருக்காங்க" என்று நோட்டில் எழுதிக் கொண்டார். நைனா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆயாவிடம், "புள்ள நல்லாத்தான் பேசுனான்" என்றாராம்.

தொழிற்சாலைக்குப் பாடு உண்டா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கரைக்காரர்கள் ஒரு வலை இன்னொரு வலையை மறிக்கக் கூடாது என்று இத்தனை விதி வைத்திருக்கிறார்கள். கடலிலும் சட்டம் இருக்கிறது. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அது சிறு படகுக்காரர்களுக்கான இடம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய வருஷாந்திரத் தடைக்காலம், 2017 முதல் 61 நாளாக, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை இருக்கிறது. மீனுக்கும் ஒரு முறை வேண்டும் அல்லவா?

ஆனால் ஏரியையும் கழியையும் பங்கு போட்டுக் கொள்கிறவர்கள் மீனவர்கள் மட்டும்தானா? தெற்கே எண்ணூர்க் கழியைப் பாருங்கள். அனல் மின் நிலையங்கள் வந்தன. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. சாம்பலும் சுடுதண்ணீரும் கழியில் கலந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழியில் இறங்கி, வலையும் படகும் கறுத்துப் போனதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கழியில் வலை போட முறைக்குக் காத்திருந்தவன் கதி என்ன? அவன் முறை வந்தது, மீன் வரவில்லை!

ஒரு மீனவன் அடுத்தவன் வலைக்கு மேல்பக்கம் வலை கட்டினால் பஞ்சாயத்து கூடும், அபராதம் விழும். ஓட்டத்தின் மேல்பக்கத்தில் ஒரு குழாய் திறந்தால்? அந்தக் குழாயின் வால்வைத் திறக்கப் போவது யார் நண்பர்களே? டிப்ளமோ வாங்கிக் கொண்டு வெளியே போகும் நாம்தான். பம்ப் அறையில் ஷிப்டு பார்க்கப் போவது நாம்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதானால், "இன்னிக்கு ராத்திரி மட்டும் நேரா விட்டுடு" என்று மேலே இருந்து சொல்லும்போது பக்கத்தில் நிற்கப் போவதும் நாம்தான்.

அந்த ராத்திரி யாரோ ஒருவருடைய பாடாக இருக்கும். சுற்று முழுக்கக் காத்திருந்து, வீட்டில் அரிசி வாங்கப் பணம் சொல்லிவிட்டு வந்தவருடைய பாடாக இருக்கும். அதை நினைத்துக் கொண்டால் போதும், "முடியாது சார், ரிப்பேர் பார்த்துட்டுத்தான் விடணும்" என்று சொல்ல நாக்கு தானாக வரும்.

விடுதி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு எங்கள் பக்கம் வருகிறீர்கள், வாருங்கள். மடவையும் கிழங்கானும் உங்களுக்கும்தான். ஆனால் மூங்கில் கழி வரிசையாக நிற்கும் இடத்தில் தூண்டில் வீசாதீர்கள். கரையில் யாராவது உட்கார்ந்து வலை பின்னிக் கொண்டிருப்பார். அவரிடம் போய், "அண்ணா, இன்னிக்கு யாரு பாடு?" என்று கேளுங்கள். வெளியூர்ப் பையன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், நல்ல இடத்தை அவரே காட்டிக் கொடுப்பார்!